விளாடிமிர் கோமன்: ஹங்கேரி வீரர் சென்னைக்கு வந்தது எப்படி? அதே வழியில் டெலானிபூர் பையன் அங்கே போக முடியுமா?

2021 நவம்பர் 23 இரவு. கோவாவின் பாம்போலிம் மைதானத்தில் சென்னையின் எஃப்சிக்கும் ஹைதராபாத் எஃப்சிக்கும் ஐஎஸ்எல் ஆட்டம். கொரோனா காலம் என்பதால் கேலரி முழுக்கக் காலி. 66-வது நிமிடத்தில் சென்னைக்கு ஒரு பெனால்டி. அதை அடித்து கோலாக்கியவர் விளாடிமிர் கோமன். 1-0. ஆட்டத்தின் முடிவும் அதுதான்.

நான் அந்த மேட்ச்சைப் பார்த்தது அந்தமானில், டெலானிபூரில், அண்ணன் வீட்டில், போனில். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில்தான் திறந்திருந்தார்கள். அதற்கு முன்னால் இங்கே போனில் லைவ் மேட்ச் பார்ப்பது ரொம்பப் பொறுமைசாலிகளுக்கு மட்டுமான பொழுதுபோக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, இவர் எந்த ஊரு?"

"ஹங்கேரிடா."

"அங்கிருந்து எதுக்கு நம்ம டீமுக்கு வந்து ஆடறார்?"

"காசுக்குத்தான், வேற எதுக்கு" என்று அன்றைக்கு முடித்துவிட்டேன். இப்போது அவன் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டான், ஸ்கூல் டீமில் ஆடுகிறான். கேள்வியும் திசை மாறிவிட்டது: "சித்தப்பா, நான் அங்க போய் ஆட முடியுமா?"

இரண்டு கேள்விக்கும் ஒழுங்கான பதில் சொல்லணும்னா கோமனின் கதையைக் கொஞ்சம் முழுசாகப் பார்க்க வேண்டும். அவர் பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனால் வெளிநாட்டில் ஆடிப் பிழைக்கும் ஒரு சராசரிக்கு மேற்பட்ட வீரரின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள மெஸ்ஸியைவிட இவர்தான் பொருத்தமான ஆள்.

யார் இந்தக் கோமன்?

1989 மார்ச் 16 அன்று பிறந்தவர். பிறந்த ஊர் உஸ்ஹோரோட். அது ஹங்கேரியில் இல்லை. அன்றைய சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனின் மேற்குக் கோடியில், ஸ்லோவாக்கியா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர்.

அந்த ஊரின் வரலாறே ஒரு தனிக் கட்டுரை. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு. பிறகு செக்கோஸ்லோவாக்கியா. 1938 முதல் சில ஆண்டுகள் ஹங்கேரி. இரண்டாம் போருக்குப் பின் சோவியத் யூனியன். 1991 முதல் உக்ரைன். வீட்டை விட்டு நகராமலேயே ஒரு பாட்டி நாலைந்து நாட்டுப் பிரஜையாக வாழ்ந்திருக்க முடியும். முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920 ட்ரியானான் ஒப்பந்தத்தில் தன் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அதனால்தான் ஹங்கேரிய மொழி பேசும் குடும்பங்கள் இன்றும் உக்ரைன், ருமேனியா, ஸ்லோவாக்கியா, செர்பியா என்று சிதறிக் கிடக்கின்றன.

கோமன் கால்பந்து கற்றது ஹங்கேரியில், அந்நாட்டின் மேற்கு எல்லைப் பக்கம் உள்ள சோம்பட்ஹேய் நகரின் ஹலடாஷ் கிளப்பில். அங்கிருந்து 2005-ல், பதினாறு வயதையொட்டி, இத்தாலியின் ஜெனோவா நகரத்து சாம்ப்டோரியா கிளப்பின் இளைஞர் அணிக்குப் போனார்.

இங்கேதான் நிறுத்திக் கவனிக்க வேண்டும். பதினாறு வயதுப் பையன் இன்னொரு நாட்டு கிளப்பில் சேர்வது பொதுவாகத் தடை செய்யப்பட்ட விஷயம்.

அப்புறம் எப்படிச் சேர்ந்தார்?

உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றக் கூடாது. சிறுவர்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் அந்நிய ஊரில் கைவிடும் ஏஜென்ட்டுகள் பெருகியதால் வந்த விதி இது. பார்சிலோனாவே இதில் மாட்டி, 2015 முழுக்கப் புது வீரர்களைச் சேர்க்க முடியாமல் தண்டனை அனுபவித்தது.

விதிவிலக்குகள் உண்டு. பெற்றோர், கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் பிள்ளை அங்கே பதிவு செய்துகொள்ளலாம். எல்லையை ஒட்டி, குறிப்பிட்ட சில கி.மீ. தூரத்துக்குள் வீடும் கிளப்பும் இருந்தால் சரி. மூன்றாவதுதான் முக்கியமானது: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாறுவதென்றால் 16 வயதே போதும். கல்வி, தங்குமிடம் இவற்றுக்கு கிளப் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே 1. கோமன் இத்தாலி போனது 2005.

அதாவது அவர் காலில் திறமை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதே திறமையோடு அவர் ஐந்து வருடம் முன்பு பிறந்திருந்தால் இந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது. பிறந்த ஊரான உஸ்ஹோரோடிலேயே தங்கி, உக்ரைன் பாஸ்போர்ட்டோடு இருந்திருந்தாலும் திறந்திருக்காது. உக்ரைன் ஒன்றியத்தில் இல்லை. 16-லிருந்து 18 வரையிலான இரண்டு வருடம் ஒரு கால்பந்து வீரருக்கு எவ்வளவு பெரிசு என்று எந்தக் கோச்சைக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொரு லாபமும் இருந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பு சொன்னதிலிருந்து, ஒன்றிய நாட்டு வீரர்களை ஒன்றியத்துக்குள் 'வெளிநாட்டவர்' என்று கணக்கிட்டு எண்ணிக்கை வரம்பு போட முடியாது. ஆக, இத்தாலியில் கோமன் ஒரு பிரேசில்காரரோடு வெளிநாட்டு இடத்துக்குப் போட்டி போட வேண்டியதில்லை.

ஜெனோவாவிலிருந்து அதானா வரை

சாம்ப்டோரியாவில் வளர்ந்து சீரி ஆ-வில் அறிமுகமானார். பிறகு அனுபவத்துக்காக இரண்டு கிளப்புகளுக்கு லோனில் போனார்: இரண்டாம் டிவிஷனில் அவெல்லினோ, அடுத்து சீரி ஆ-வில் பாரி. லோன் என்பது கம்பெனி பாஷையில் டெபுடேஷன் மாதிரி. சம்பளப் பட்டியலில் பெயர் ஒரு இடத்தில், வேலை இன்னொரு இடத்தில்.

அவருடைய உச்சம் 2009. எகிப்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் ஹங்கேரி மூன்றாமிடம் பிடித்தது. அந்தத் தொடரில் 5 கோல் அடித்தார் கோமன். ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் நாடு. 1986-க்குப் பிறகு சீனியர் உலகக்கோப்பைப் பக்கமே வர முடியாத நாடு. அங்கே இந்த வெண்கலம் எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமே சீனியர் அணிக்கு வந்தார். தேசிய அணிக்காக முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

பிறகுதான் அலுவலக வாழ்க்கையில் நமக்கெல்லாம் பழக்கமான அந்தக் கட்டம் வருகிறது: சரியான இடத்தில், தப்பான நேரத்தில். 2010-11 சீசனில் சாம்ப்டோரியா கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. கோமன் மொனாக்கோ போனார். மொனாக்கோவும் அப்போது பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. 2011 டிசம்பரில் ரஷ்யக் கோடீஸ்வரர் திமித்ரி ரைபோலோவ்லெவ் அந்த கிளப்பை வாங்கி, 2013-ல் ஃபால்காவ் போன்ற நட்சத்திரங்களைக் கொண்டுவந்து கொட்டினார். கோமனோ 2012-லேயே கிளம்பி ரஷ்யாவின் க்ராஸ்னோடருக்குப் போயிருந்தார். புது முதலாளி வந்தால் பழைய டீமை வைத்துக்கொள்வது அபூர்வம்தானே.

அப்புறம் துருக்கியின் தென்பகுதியில் அதானா நகரத்து அதானாஸ்போர். இப்படியே முப்பது தாண்டியது. ஐரோப்பாவின் பெரிய லீக் எதுவும் முப்பத்திரண்டு வயது மிட்ஃபீல்டருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுக்காது. ஒரு வருடம், முடிந்தால் இன்னொன்று. 2021-ல் சென்னை அழைத்தது.

ஹங்கேரிக்காரர்கள் வெளியே போவது புதுசா?

புதுசே இல்லை. ஆனால் காரணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1949-ல் லாஸ்லோ குபாலா கம்யூனிஸ்ட் ஹங்கேரியை விட்டுத் தப்பியோடி, பிறகு பார்சிலோனாவின் நாயகன் ஆனார். செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்பெயின் என்று மூன்று நாட்டுக்கு ஆடியவர் அவர். 1956 இலையுதிர் காலத்தில் புடாபெஸ்டில் புரட்சி வெடித்தபோது ஹோன்வேத் கிளப் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக வெளிநாட்டில் இருந்தது. சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்த செய்தி கேட்டுப் பலர் திரும்பவே இல்லை. அவர்களில் ஒருவர் ஃபெரென்க் புஷ்காஷ். ஃபிஃபா தடை விதித்தது. தடை முடிந்து 1958-ல் ரியல் மாட்ரிட் அவரை எடுத்தபோது அவருக்கு வயது 31, உடம்பு பெருத்திருந்தது. 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட்டை மாட்ரிட் 7-3 என்று வென்றபோது அந்த ஏழில் நாலு இவருடையது. முப்பத்தொன்றில் முடிந்துபோன ஆள் என்று யாரையாவது சொல்லும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு வெளியே போனால் திரும்பி வர முடியாது; தேசிய அணி மறந்துபோக வேண்டியதுதான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். வெளியே ஆடாதவர் தேசிய அணிக்கு வருவதுதான் கஷ்டம். கேப்டன் டொமினிக் சோபோஸ்லாய் பதின்வயதிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் குழுமத்துக்குப் போய், 2021 ஜனவரியில் லைப்சிக், 2023-ல் லிவர்பூல் என்று ஏறியவர். லிவர்பூல் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகை 7 கோடி யூரோ. இந்தத் தொகைக்குக் கட்டுரையின் கடைசியில் மறுபடி வருவோம்.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஓர் ஓரம் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றது. நம் கோலை அடித்தவர் பலராம். அதே ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். இந்திய ஆண்கள் அணி அதன் பிறகு ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. கடைசி கோல் இன்று வரை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்த யோசெஃப் கெலெய், 1966 உலகக்கோப்பையில் ஹங்கேரியின் கோல்கீப்பர்.

சென்னையில் ஒரு வருடம், ஆனால் சென்னையில் இல்லை

கோமனுக்கு முந்தைய சீசனில், அதாவது 2020-21-ல், சென்னையின் எஃப்சியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் சாபா லாஸ்லோ. இவரும் ஹங்கேரியர், பிறந்தது ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில். ட்ரியானான் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். சென்னைக்கு வந்த இரண்டு ஹங்கேரியர்களும் ஹங்கேரிக்கு வெளியே பிறந்தவர்கள். லாஸ்லோ அதற்கு முன் உகாண்டா தேசிய அணிக்கும் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்புக்கும் பயிற்சி கொடுத்தவர்.

ஐஎஸ்எல்லில் கோமன் முதல் ஹங்கேரிக்காரரும் அல்ல. 2016-ல் கிறிஸ்டியான் வாதோட்ஸ் மும்பை சிட்டிக்கு ஆடினார், டியேகோ ஃபோர்லான் இருந்த அதே அணியில்.

கோமன் வந்த 2021-22 சீசனில் ஒரு விதி மாறியது. அதுவரை களத்தில் ஐந்து வெளிநாட்டினர் ஆடலாம். அந்த வருடம் முதல் நான்குதான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அன்றைய '3+1' முறையைப் பின்பற்றி, அணியில் ஓர் இடம் ஆசிய நாட்டு வீரருக்கு. சென்னையில் அந்த இடம் கிர்கிஸ்தானின் மிர்லான் முர்சாயேவுக்கு. மிச்சமிருந்த மூன்றுக்கு கோமன், போலந்தின் அரியல் போரிசியுக், லூகாஷ் கிகியெவிச், செர்பியாவின் ஸ்லாவ்கோ தம்யானோவிச் என்று போட்டி. உள்ளூர் வீரர்களுக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடல் தாண்டி வந்து, ஊர் தெரியாமல், பெஞ்சில் உட்காரும் ஐந்தாவது ஆளின் நிலைமையையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

பயிற்சியாளர் மொண்டிநெக்ரோவின் போஜிதார் பந்தோவிச். கேப்டன் அனிருத் தாபா. தொடக்கம் ஜோர். முதல் ஆட்டத்தில் கோமனின் பெனால்டியில் வெற்றி. அடுத்து நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை 2-1. டிசம்பர் 11 அன்று ஏடிகே மோகன் பகானோடு 1-1. சென்னையின் கோல் கோமனுடையது. நாலு ஆட்டம் முடிந்தும் தோல்வியே இல்லை.

பிறகு வழுக்கியது. கேரளாவிடம் 0-3. பெங்களூருவிடம் 2-4. பிப்ரவரியில் கோவாவிடம் 0-5. அந்த இரவுக்குப் பிறகு பந்தோவிச் நீக்கப்பட்டார். தமிழ்நாட்டுக்காரரான சையத் சபீர் பாஷா பொறுப்பேற்று சீசனை முடித்துவைத்தார். 11 அணிகளில் 8-வது இடம். லாஸ்லோவின் வருடமும் அதே 8-வது இடம்தான்.

இதில் மனசை உறுத்துகிற ஒன்று உண்டு. கொரோனாவால் அந்த இரண்டு சீசன்களும் முழுக்க முழுக்க கோவாவில், மூன்று மைதானங்களில், பயோ-பபுளுக்குள் நடந்தன. ஹோட்டல், பேருந்து, மைதானம், மறுபடி ஹோட்டல். சென்னையின் நீலச் சட்டை போட்டு ஒரு சீசன் ஆடிய கோமன், நேரு ஸ்டேடியத்தில் சென்னைக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெனோவாவில் ரசிகர்கள் அவரை நேரில் பார்த்தார்கள், அதானாவில் பார்த்தார்கள். சென்னை ரசிகரும் டெலானிபூர் ரசிகரும் அவரைப் பார்த்தது ஒரே தூரத்தில்: போன் திரை.

சீசனோடு அவர் போய்விட்டார். வழியனுப்பு விழா மாதிரி எதையும் எதிர்பார்க்க முடியாது. இந்த வேலையில் பெரும்பாலான பிரிவுகள் கிளப்பின் ஒரு ட்வீட்டோடு முடிபவை.

காசுக்குத்தானா?

காசும்தான். ஆனால் 'வெளிநாட்டு வீரர்' என்றதும் நாம் கற்பனை செய்கிற மாளிகை, கார் எல்லாம் உச்சியிலிருக்கும் சிலருக்கு. கோமன் போன்றவர்களின் வாழ்க்கை, வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் நம் நண்பர்களுடையதற்கு நெருக்கமானது. விசா கிளப்பின் கையில். ஒப்பந்தம் ஒரு வருடம். முழங்கால் ஒருமுறை திரும்பினால் அடுத்த வருடம் கேள்விக்குறி. முப்பத்தைந்தில் ரிட்டயர்மென்ட்.

சம்பளம் வராமல் போனால்? ஃபிஃபா விதியில் 2018-ல் சேர்க்கப்பட்ட பிரிவு ஒன்று இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால் வீரர் எழுத்துபூர்வமாக 15 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்குள் முழுசாகக் கட்டவில்லை என்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். ஃபிஃபாவின் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடும் கேட்கலாம். பணம் கட்டாத கிளப்புக்குப் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். நம் ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டரில் இப்படி ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

இந்தப் பாதுகாப்பு வெறும் காகிதத்துக்கில்லை. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்திவைப்பதாக அதை நடத்தும் நிறுவனம் அறிவித்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கப்படவில்லை என்பது காரணம். அடுத்த மாதமே சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. அந்த நேரத்தில் இங்கே வர நினைத்த ஒரு வெளிநாட்டு வீரருக்கு இந்தியா எப்படித் தெரிந்திருக்கும்! அவருக்காவது வேறு நாடு உண்டு. இங்கேயே ஆடி, இங்கேயே சம்பாதிக்கும் இந்திய வீரருக்குப் போக இடம் குறைவு. ஏன் குறைவு என்பதுதான் என் அண்ணன் மகனின் இரண்டாவது கேள்வி.

இங்கிருந்து அங்கே போக என்ன தடை?

சுனில் சேத்ரியை எடுத்துக்கொள்வோம். 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பிரிட்டன் ஒர்க் பெர்மிட் மறுத்தது. காரணம் அவருடைய ஆட்டமில்லை. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கம்பெனியின் ரேட்டிங் மோசம் என்பதற்காக உங்களுக்கு விசா மறுப்பது மாதிரி.

பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 முதல், இங்கிலாந்தில் புள்ளிக் கணக்கு முறை. ஐரோப்பியர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். ஆனால் நாட்டின் தரவரிசை, தேசிய அணிக்கு ஆடிய விகிதம், ஆடிய லீக்கின் தரம் என்று புள்ளி சேரும் விதத்தில் முதல் 50 நாட்டு வீரருக்கு வழி சுலபம். இந்தியாவின் மிகச் சிறந்த இடமே 94, அதுவும் 1996-ல். ஐஎஸ்எல்லில் எவ்வளவு கோல் அடித்தாலும் அந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் சேராது.

எல்லாக் கதவும் மூடியில்லை. குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபேக் போய், அங்கே ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியில் சேர்ந்தார். மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸ் போனார். ஆனால் இவர்கள் எல்லோருமே வயது வந்த பிறகு போனவர்கள். பதினாறில் போகும் கோமனின் வழி, இந்தியப் பாஸ்போர்ட்டில் கிடையாது.

தமிழ்ப் பையன் ஒருவன் அந்த வயதில் ஐரோப்பிய அகாடமியில் இருந்த கதையும் இருக்கிறது. விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்க் குடும்பம். பிறந்து வளர்ந்தது வேல்ஸில். லிவர்பூலின் இளைஞர் அணியில் பழகி, 2024-ல் பார்ன்ஸ்லி அணிக்காகத் தொழில்முறை ஆட்டத்தில் களமிறங்கினார். அவருக்குத் தேவையான பெர்மிட்டை, அவர் பிறப்பதற்கு முன்பே புலம்பெயர்ந்த குடும்பம் வாங்கி வைத்துவிட்டது.

ஆனால் இப்படிப்பட்டவர்களை இந்தியா தன் அணியில் சேர்க்க முடியாது என்பது இதன் மறுபக்கம். இந்தியப் பாஸ்போர்ட் இல்லாமல், ஓசிஐ அட்டையை வைத்து தேசிய அணிக்கு ஆட முடியாது. இரட்டைக் குடியுரிமையும் நம் சட்டத்தில் இல்லை. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா, அந்தக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியப் பிரஜையான பிறகுதான் 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். உக்ரைன் ஊரில் பிறந்த கோமன் ஹங்கேரிக்கு ஆடியதோடு இதை வைத்துப் பாருங்கள். எல்லை தாண்டிச் சிதறிய தன் மக்களை ஹங்கேரி எண்ணும் விதம் வேறு, நாம் எண்ணும் விதம் வேறு. எது சரி என்பது குடியுரிமைச் சட்டம் சார்ந்த பெரிய விவாதம். ஆனால் கால்பந்து மைதானத்தில் அதன் விலை தெரிகிறது.

சரி, டெலானிபூர் பையனுக்கு என்ன பதில்?

இங்கே 'வெளியூர்' என்பதே சென்னையில் தொடங்குகிறது. கப்பலில் மூன்று நாள் கணக்கு, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்ரீ விஜயபுரம் (நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) நேதாஜி ஸ்டேடியத்தில் ஆடும் பையனைப் பார்க்க எந்த கிளப்பின் ஸ்கவுட்டும் டிக்கெட் போட்டு வருவதில்லை. ட்ரயலுக்கு நாம்தான் போகணும். ஒருமுறை போய் வர ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் கரையும்.

அவனிடம் நான் சொன்னதை அப்படியே தருகிறேன். 18 வரை வெளிநாட்டு கிளப்பில் 'சேர்த்துவிடுகிறேன்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அதுவும் முன்பணம் கேட்டால், நம்பாதே; விதியே அனுமதிக்காது. குறுகிய காலப் பயிற்சி முகாம் என்பது வேறு, கிளப்பில் பதிவு என்பது வேறு. முகாமுக்குக் கட்டணம் கட்டிப் போய் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வரலாம். அது ஒப்பந்தமாகாது.

அண்ணனிடம் வேறு ஒன்று சொன்னேன். இதுதான் பல பெற்றோருக்குத் தெரியாதது. ஒரு வீரர் பின்னாளில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் 5% அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25%. 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5%. சோபோஸ்லாயின் 7 கோடி யூரோவில் கணக்குப் போட்டால், 14 வயதில் ஒரே ஒரு வருடம் வைத்திருந்த கிளப்பின் பங்கு 1,75,000 யூரோ. நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரு சின்ன ஊர் கிளப் இதை வைத்துப் பல வருடம் பந்து, ஷூ, கோச் சம்பளம் எல்லாம் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பணம் பதிவேட்டைப் பார்த்துத்தான் வரும். எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தான் என்பது வீரரின் மின்னணுப் பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். இந்தியாவில் அதற்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில், சிஆர்எஸ் என்பார்கள், கிளப் மூலமாகப் பெயர் ஏறியிருக்கணும். ஸ்கூல் டீமில் மட்டும் ஆடி, எந்த கிளப்பிலும் பெயர் இல்லாத பையன் அந்தக் கணக்கில் 12 வயதிலிருந்து கால்பந்தே ஆடாதவன்.

அண்ணன் மகன் மூன்று வருடமாக ஆடுகிறான். பெயர் எங்கேயும் ஏறவில்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஃபோட்டோ எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். "அதுக்கு அப்புறம்?" என்றான். அதற்கு அப்புறம் சென்னைக்கு ஒரு ட்ரயல். கப்பலா, ஃப்ளைட்டா என்று அண்ணனும் அண்ணியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.